வயலில் மேயும் முயலும் பயிருக்குள் வாழும் துருவும்



திருவிவிலியத்தை ஆர்வத்தோடு வாசிப்பவர்கள்கூட வேகமாகப் புரட்டிவிடும் பக்கங்கள் சில உண்டு. லேவியர் நூலின் 11ஆம் அதிகாரத்தில் வரும், உண்ணத்தக்க, உண்ணத்தகாத விலங்குகளின் பட்டியல் அவற்றுள் ஒன்று. இணைச்சட்ட நூலின் 28ஆம் அதிகாரத்தில் வரும் சாபங்களின் பட்டியல் இன்னொன்று. முதல் பட்டியலில் ஒரு முயல் இருக்கிறது. இரண்டாம் பட்டியலில் பயிரை வெளிறச் செய்து அழிக்கும் ஒரு நோய் இருக்கிறது. அந்த நோய் கோதுமையைத் தாக்கும் துருநோயாக இருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதுகின்றனர். துருநோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை.

முயலையும் பூஞ்சையையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரையா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே நாட்டில், ஒரே வயலில், ஒரே பயிரைத் தின்று வாழ்ந்தவை. ஒன்றை மனிதர் கண்ணால் கண்டனர், துரத்தினர். மற்றதை யாரும் காணவில்லை. காண முடியாத அதைப் பார்த்துத்தான் "இது யார் செய்த பாவம்?" என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வி இன்றும் நம் ஊர்களில் கேட்கிறது. ஆகவே இவ்விரண்டையும் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் முயல். தமிழில் எல்லாவற்றையும் முயல் என்றே சொல்லிவிடுகிறோம். கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயல் வேறு, காட்டு முயல் வேறு. வீட்டு முயலின் முன்னோர்கள் மண்ணில் வளை தோண்டி அதற்குள் கூட்டமாக வாழ்பவை. அவற்றின் குட்டிகள் பிறக்கும்போது கண் திறந்திருக்காது, உடம்பில் முடியும் இருக்காது. காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புல்லுக்கும் புதருக்கும் நடுவே, தன் உடம்பு பதியும் அளவுக்கு ஒரு சிறு பள்ளம் செய்து அதிலே படுத்துக்கொள்ளும். அதன் குட்டிகள் பிறக்கும்போதே கண் திறந்து, உடல் முழுதும் முடியோடு பிறக்கும். திருப்பாடல் 104இல் பாறைகளில் ஒதுங்கும் குழிமுயல் என்று வருவது இவை இரண்டுமே அல்ல. அது பாறைகளில் வாழும் வேறொரு சிறு விலங்கு. உறவு முறையில் அது முயலைவிட யானைக்கு நெருக்கமானது என்றால் நம்புவது கடினம், ஆனால் உண்மை.

புனித நாட்டில் வாழ்வது கேப் முயல் என்னும் இனம். தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையை வைத்து 1758இல் லின்னேயஸ் இட்ட பெயர் அது. ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் மத்தியக் கிழக்கிலும் பரவியுள்ளது. பாலைவனப் பக்கம் உள்ளவை சிறியவை, மணல் நிறம், காது பெரிது. அந்தப் பெரிய காது உடம்புச் சூட்டை வெளியேற்றும் விசிறி போன்றது. எபிரேய மொழியில் முயலின் பெயர் 'அர்னேவெத்'. இதைக் கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மருக்கு ஒரு சங்கடம் நேர்ந்ததாக யூத மரபில் ஒரு கதை உண்டு. எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்களின் குலமுதல்வர் பெயர் லாகோஸ். கிரேக்கத்தில் முயலைக் குறிக்கும் சொல்லும் ஏறக்குறைய அதேதான். அரச குடும்பத்தின் பெயரைத் தீட்டான விலங்குகளின் பட்டியலில் எழுதலாமா? எனவே வேறு சொல்லால் சுற்றி வளைத்து எழுதினார்களாம். மொழிபெயர்ப்பாளர்களின் பாடு எந்தக் காலத்திலும் பாடுதான்!

முயலுக்கு ஆயுதம் கிடையாது. கொம்பில்லை, நகத்தில் வலுவில்லை, கடித்துக் குதறும் பல்லும் இல்லை. அதற்குத் தரப்பட்டவை கண்ணும் காதும் காலும்தான். கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆபத்து நெருங்கும்வரை கல்லைப்போல் அசையாமல் கிடக்கும். பிறகு துள்ளி எழுந்து ஓடும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடிய முயலினங்கள் உண்டு. நேராக ஓடாது, வளைந்து வளைந்து ஓடும். பின்னால் வரும் நரி திரும்புவதற்குள் அது வேறு திசையில் இருக்கும்.

தாய் முயல் குட்டிகளை வளர்க்கும் விதம் வியப்பானது. ஏறக்குறைய ஆறு வாரம் சுமந்து, ஒன்று முதல் சில குட்டிகள் வரை ஈனும். பிறகு அவற்றை விட்டு விலகியே இருக்கும். நாளுக்கு ஒரு முறை, பெரும்பாலும் பொழுது சாய்ந்தபின் வந்து, சில நிமிடங்கள் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். இது அன்பில்லாமை என்று தோன்றலாம். உண்மையில் தாய் அருகிலேயே இருந்தால் அதன் வாடையைப் பிடித்து நரி வந்துவிடும். விலகியிருப்பதே அங்கே காவல். வாடை குறைவாக உள்ள குட்டிகள் அசையாமல் கிடந்து பிழைத்துக்கொள்கின்றன. வேலைக்காகப் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டு வெளியூர் போயிருக்கும் தாய்மார்கள் நம் பங்குகளில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்தச் செய்தியை அவர்களை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

இனி லேவியர் நூல் சொல்வது. முயல் அசைபோடும், ஆனால் அதற்கு விரிகுளம்பு இல்லை, எனவே அதை உண்ணலாகாது என்பது அங்குள்ள கருத்து (லேவி 11:6). விலங்கியல் படித்த இளைஞர்கள் உடனே கேட்பார்கள்: "சாமி, முயல் மாட்டைப்போல் அசைபோடுவதில்லையே, விவிலியம் தவறா?" கேள்வி நியாயமானது. மாட்டுக்கு இருப்பதுபோல் நான்கு அறை வயிறு முயலுக்கு இல்லை. தின்ற புல்லை அது வாய்க்குத் திரும்பக் கொண்டுவந்து மெல்வதும் இல்லை. ஆனால் வேறொன்று செய்கிறது. புல்லை முதல் தடவை முழுவதும் செரிக்க முடியாததால், அதன் குடலின் ஒரு பையில் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அந்தச் சத்து மென்மையான உருண்டைகளாக வெளிவரும்போது, முயல் குனிந்து அவற்றை மறுபடியும் உண்டு விடுகிறது. பகலில் ஓய்வாகப் படுத்திருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் இது நடக்கும். ஆக ஒரே உணவு இரண்டு முறை செரிமானமாகிறது. இதை வீட்டு முயலிடம் கண்டு 1882இல் எழுதியவர் மொரோ என்னும் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர்.

அப்படியானால் விவிலிய ஆசிரியருக்கு இது முன்பே தெரியும் என்று சிலர் மேடையில் முழங்குகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முயல் ஓய்ந்திருக்கும்போதும் அதன் தாடை அசைந்துகொண்டிருப்பதை அக்கால இடையர்கள் பார்த்திருப்பார்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார்கள். விவிலிய ஆசிரியர் தம் காலத்தின் பேச்சுமுறையிலும் எழுத்துவகையிலும் எதைச் சொல்ல முனைந்தார் என்று தேட வேண்டும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில் கற்பித்துள்ளது. லேவியர் நூல் விலங்கியல் பாடம் நடத்தவில்லை. முயல் கெட்டது என்றும் சொல்லவில்லை. ஒரு மக்களினத்தின் உணவு மேசை எப்படி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. (முயல் கறிப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை: லேவியர் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், நம் நாட்டில் காட்டு முயலை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம்.)

அடுத்து துரு. எபிரேய விவிலியத்தில் பயிர் நோய்களைச் சொல்லும்போது இரண்டு சொற்கள் இரட்டையாக வரும். ஒன்று 'ஷித்தாஃபோன்', அனல் காற்றால் கருகுவதைக் குறிக்கும். மற்றது 'யேராக்கோன்', வெளிறிப் போவது. இணைச்சட்டம் 28:22, 1 அரசர்கள் 8:37, ஆமோஸ் 4:9, ஆகாய் 2:17 ஆகிய இடங்களில் இந்த இரட்டையைக் காணலாம். எரேமியா 30:6இல் இதே யேராக்கோன் என்னும் சொல் அச்சத்தால் வெளிறிய மனித முகத்துக்கு வருகிறது. இரத்தம் வற்றிய முகம்போல் பயிர் வெளிறுகிறது என்பது எத்தனை பொருத்தமான பேச்சு!

இது வெறும் ஊகம் அல்ல, துரு உண்மையாகவே அந்நாட்டில் இருந்தது என்பதற்குச் சான்றும் உண்டு. இஸ்ரயேலில் நடந்த ஓர் அகழாய்வில், 3300 ஆண்டுகள் பழமையான சேமிப்புச் சாடி ஒன்றில் கருகிய கோதுமை உமி கிடைத்தது. அந்த உமியின்மேல் தண்டுத்துருவின் கொப்புளங்கள் பதிந்திருந்ததை மோர்தெகாய் கிஸ்லேவ் என்னும் தாவரவியலாளர் 1982இல் வெளியிட்டார். இஸ்ரயேலில் அரசர்கள் தோன்றுவதற்கும் முந்திய காலத்தின் நோய் அது.

தண்டுத்துருவை உண்டாக்கும் பூஞ்சையின் பெயர் புக்சினியா கிராமினிஸ். அதன் வித்து கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய துகள். காற்றில் மிதந்து வந்து கோதுமையின் இலையிலோ தண்டிலோ உட்காரும். வறண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. பனி படிந்து, சில மணி நேரம் ஈரம் நிலைத்தால், அந்தத் துகள் முளைத்து மெல்லிய குழாயை நீட்டும். இலையின் மேற்பரப்பில் உள்ள மேடு பள்ளங்களைத் தடவித் தடவியே வழி கண்டுபிடித்து இலைத்துளையை அடையும். பயிர் மூச்சு விடுவதற்காக வைத்திருக்கும் வாசல் அது. அந்த வாசல் வழியாக உள்ளே நுழைகிறது.

நுழைந்தபின் அது செய்வதைக் கேளுங்கள். பயிரின் செல்லை அது கொல்லுவதில்லை. செல்லின் சுவரை மட்டும் துளைத்து, உள்ளிருக்கும் மெல்லிய சவ்வைக் கிழிக்காமல் உள்நோக்கித் தள்ளி, அங்கே உறிஞ்சி போன்ற ஓர் உறுப்பை வைக்கிறது. செல் உயிரோடு வேலை செய்துகொண்டே இருக்கும். வெயிலில் அது தயாரிக்கும் சர்க்கரை மட்டும் பூஞ்சைக்குப் போகும். பயிர் இறந்தால் பூஞ்சைக்கும் பிழைப்பில்லை, எனவே தன் தேவைவரை பயிரை அது உயிரோடு வைத்திருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் உழவருக்குப் பல நாள்கள் எதுவுமே தெரியாது. வயல் பச்சைப் பசேலென்று நிற்கும். ஒன்றிரண்டு வாரத்தில் தண்டின் தோல் கிழிந்து செங்கல் நிறத் தூள் வெடித்து வரும். ஒவ்வொரு கொப்புளமும் ஆயிரக்கணக்கான வித்துக்களைக் காற்றில் விடும். வயலுக்குள் நடந்தால் வேட்டி சிவக்கும். கதிருக்குப் போக வேண்டிய சத்து போகாததால் மணி சுருங்கிப் பதராகும், தண்டு ஒடிந்து சாயும்.

பருவ முடிவில் இதே பூஞ்சை கருப்பு வித்துக்களை உண்டாக்கிக் குளிரைத் தாண்டி உறங்கும். வசந்தத்தில் அவை முளைத்து வெளியிடும் வித்து கோதுமையைத் தொடாது. பார்பெரி என்னும் முட்செடியின் இலையைத்தான் தேடிப் போகும். அங்கே ஒரு காலம் வாழ்ந்து, பிறகு மறுபடி கோதுமைக்கு வரும். இரண்டு வீடும் ஐந்து வகை வித்துக்களும் கொண்ட இந்த வாழ்க்கையை 1865இல் அவிழ்த்துக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் அன்டோன் டி பாரி. ஆனால் பார்பெரிப் புதர் அருகில் இருந்தால் கோதுமை கெடும் என்பதை உழவர்கள் அதற்கு முன்பே கவனித்துவிட்டார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் 1726இலேயே அப்புதரை ஒழிக்கச் சட்டம் வந்தது. படித்தவர்கள் நெடுங்காலம் அந்த உழவர்களை நம்பவில்லை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூஞ்சை என்றதும் அது செடி வகை என்று நினைக்கிறோம், பள்ளியிலும் முன்பு அப்படித்தான் கற்றுத்தந்தார்கள். உயிரியல் இன்று சொல்வது வேறு. பூஞ்சையும் விலங்கும் ஒரே கிளையிலிருந்து பிரிந்தவை. அதாவது முயலுக்குக் கோதுமையைவிடத் துருவே நெருங்கிய உறவு! பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்பது வேறு செய்தி. ஆனால் குடும்பச் சாயல் இன்னும் இருக்கிறது. இரண்டுக்குமே வெயிலிலிருந்து உணவு செய்யத் தெரியாது. இரண்டும் பச்சைப் பயிரை நம்பியே பிழைக்கின்றன. சர்க்கரையைச் சேமித்து வைக்கும் விதம்கூட ஒன்றுதான், செடியைப்போல் மாவுப்பொருளாக அல்ல, நம் ஈரலில் இருப்பதுபோல் கிளைக்கோஜனாக.

வேறுபாடு, தின்னும் முறையில் இருக்கிறது. முயல் வெளியிலிருந்து கடிக்கிறது. மேல் முன்பற்களுக்குப் பின்னால் இன்னொரு சோடி சிறு பற்கள் அதற்கு உண்டு. அந்த அடையாளத்தை முக்கியமாக வைத்தே முயலினத்தை எலி, அணில் கூட்டத்திலிருந்து 1912இல் தனி வரிசையாகப் பிரித்தார்கள். கத்தரி வெட்டியதுபோல் புல்லை நறுக்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். இளம் கோதுமையை முயல் மேய்ந்தால் பெரும்பாலும் பயிர் திரும்பத் துளிர்க்கும். புல்லினத்தின் வளரும் முனை தரையை ஒட்டிக் கீழே இருப்பதால், மேலே நறுக்குவதால் உயிர் போவதில்லை. துருவோ பயிரின் உள்ளேயே குடியிருக்கிறது. கதிர் வாங்கும் நேரத்தில் தண்டைத் தாக்கினால், மறுபடி துளிர்க்க அந்தப் பயிருக்கு நேரமே இல்லை. ஆனாலும் வயலுக்குக் காவல் போடும்போது நாம் எதற்கு எதிராகப் போடுகிறோம்? வேலி, நாய், பொம்மை, கண்ணி எல்லாம் முயலுக்குத்தான்.

எண்ணிக்கையிலும் இரண்டும் எதிரெதிர். முயல் சில குட்டிகளை ஈன்று ஒவ்வொன்றையும் தேடி வந்து பாலூட்டுகிறது. துரு கோடானுகோடி வித்துக்களைக் காற்றில் விட்டுவிட்டு எதையும் பின்தொடர்வதில்லை. பெரும்பாலானவை வீணாகும். ஒரு சில போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோதுமையின் காட்டுத் தாய்வகை இன்றும் புனித நாட்டின் மலைச்சரிவுகளில் தானாக வளர்கிறது. 1906இல் கலிலேயாவின் ரோஷ் பின்னா அருகே ஆரோன் ஆரோன்சோன் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். அந்தச் சரிவுகளில் பலவகைப் புற்களும் செடிகளும் கலந்து நிற்கும். துரு அங்கும் உண்டு, முயலும் உண்டு. ஆனால் ஒரு செடியிலிருந்து பறக்கும் வித்து பக்கத்தில் தனக்கு ஏற்ற செடியில்தான் விழும் என்பதில்லை. செடிக்குச் செடி எதிர்ப்புத் திறனும் வேறுபடும். எனவே எல்லாம் ஒரே நாளில் அழிவதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே ரகத்தை நெருக்கமாக விதைத்தபோதுதான் இந்தச் சிறு உயிருக்கு ஒரு பேரரசு கிடைத்தது. அதை அமைத்துக் கொடுத்தது மனிதக் கை.

1916இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தண்டுத்துரு பெரும் அழிவை உண்டாக்கியது. 1918 முதல் அமெரிக்க அரசு பார்பெரிப் புதர்களை வேரோடு அகற்றும் வேலையைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தியது. 1944இல் மெக்சிகோவுக்குச் சென்ற நார்மன் போர்லாக் முதலில் போராடியதும் இந்தத் துருவோடுதான். துருவைத் தாங்கும் அவருடைய குட்டைக் கோதுமை ரகங்களின் விதை 18,000 டன் 1966இல் இந்தியாவுக்கு வந்தது. அப்போது உணவு அமைச்சராக இருந்தவர் நம் சி. சுப்பிரமணியம், ஆய்வுப் பணியை முன்னெடுத்தவர் எம். எஸ். சுவாமிநாதன். 1970இல் போர்லாக்குக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பசியைக் குறைத்தவருக்கு அமைதிப் பரிசு என்பது சரியான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் துருவும் மாறிக்கொண்டே இருக்கிறது. உலகெங்கும் கோதுமையைக் காத்துவந்த ஓர் எதிர்ப்பு மரபணுவை முறியடித்த புதிய வகை 1998இல் உகாண்டாவில் கண்டறியப்பட்டு, அடுத்த ஆண்டு உறுதி செய்யப்பட்டது. அதற்கு யுஜி 99 என்று பெயர். 2006இல் ஏமனிலும் 2007இல் ஈரானிலும் அது காணப்பட்டது. 2016இல் வேறொரு வகை இத்தாலியின் சிசிலித் தீவில் பல்லாயிரம் ஏக்கரைத் தாக்கியது. இதற்கு எதிரான மரபணுக்களை அறிஞர்கள் எங்கே தேடுகிறார்கள் தெரியுமா? பழைய நாட்டு ரகங்களிலும் காட்டுப் புற்களிலும்தான். நம் நாட்டில் கப்ளி என்றும் சம்பா கோதுமை என்றும் வழங்கும் பழைய வகைக் கோதுமையிலிருந்தும் அப்படிப்பட்ட மரபணுக்கள் எடுக்கப்பட்டுள்ளன. முயல் மேயும் அந்தக் கரடுமுரடான சரிவுகள் பயனற்ற நிலம் அல்ல.

நெல் விளையும் நாட்டில் இருக்கும் நமக்கும் இந்தக் கோதுமை நோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நம் பலிபீடத்தில் வைக்கப்படும் அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் (எண் 924). அது ஒரு தொடர்பு. இன்னொன்று இன்னும் நேரடியானது. இந்தியச் சமவெளிகளின் கோடை வெப்பத்தில் துருவின் வித்துக்கள் பிழைப்பதில்லை. பிறகு ஒவ்வோர் ஆண்டும் அது எங்கிருந்து வருகிறது? ஆக்ராவில் பணியாற்றிய பேராசிரியர் கே. சி. மேத்தா பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். இந்தியாவில் பார்பெரிச் செடிக்கு இதில் பங்கில்லை என்றும், குளிர்ந்த மலைகளில் இருக்கும் கோதுமைப் பயிரில்தான் துரு உயிரோடு தங்குகிறது என்றும் அவர் காட்டினார். தெற்கே அந்த மலைகள் நம் நீலகிரியும் பழனி மலையும். நவம்பர் மாதப் புயல்கள் வீசும்போது அங்கிருந்து எழும் வித்துக்கள் மேகத்தோடு வடக்கே போய் மத்திய இந்தியாவின் கோதுமை வயல்களில் மழையோடு இறங்குகின்றன. இதற்காகவே நீலகிரியின் வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகிறது.

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். நீலகிரியில் எழுந்த தூள் புயலில் ஏறி மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஏழை உழவரின் வயலில் இறங்கினால், அது யாருடைய பாவம்?

விவிலியம் துருவைச் சாபங்களின் வரிசையில் வைக்கிறதே என்பீர்கள். உண்மைதான். உடன்படிக்கையை மறந்து ஏழையை மிதித்த ஒரு நாட்டைத் தட்டி எழுப்ப இறைவாக்கினர் அந்த மொழியைப் பேசினர். ஆமோசின் கோபம் யார்மேல்? அதே நான்காம் அதிகாரத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். எளியோரை ஒடுக்கிக் கொழுத்தவர்கள்மேல். அந்த வார்த்தைகளை எடுத்து, கடன் வாங்கி விதைத்துப் பயிரை இழந்து நிற்கும் ஒருவரின் முகத்தில் எறிவது விவிலியத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. யோபின் நண்பர்கள் செய்தது அதைத்தான், கடவுள் அவர்களைக் கடிந்துகொண்டார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று ஆண்டவர் தெளிவாகச் சொன்னார் (லூக்கா 13:4). பார்வையற்றவராய்ப் பிறந்தவரைப் பார்த்து யார் பாவம் என்று சீடர் கேட்டபோதும் அவர் அந்தக் கணக்கை ஏற்கவில்லை (யோவான் 9:3).

பனியை எடுத்துக்கொள்ளுங்கள். விவிலியத்தில் பனி ஆசீர். ஈசாக்கு யாக்கோபுக்கு வானத்துப் பனியை வேண்டி ஆசி வழங்குகிறார் (தொநூ 27:28). ஓசேயா நூலில் கடவுள் தம்மையே இஸ்ரயேலுக்குப் பனியாக இருப்பதாகச் சொல்கிறார் (ஓசே 14:5). மழை குறைந்த நாட்டில் பயிருக்குப் பனி உயிர். துருவின் வித்து முளைப்பதற்கும் அதே பனிதான் வேண்டும். ஒரே இரவில், ஒரே பனித்துளியில் கோதுமையும் குளிர்கிறது, துருவும் முளைக்கிறது. நல்லோர் மேலும் தீயோர் மேலும் மழை பெய்கிறது என்று இயேசு சொன்னது (மத் 5:45) இந்த வயலுக்கு முழுதும் பொருந்தும். பனிக்கு யாரையும் தேடிப் பிடித்துத் தண்டிக்கத் தெரியாது. துருவுக்கும் தெரியாது. முயல் பசிக்கு மேய்கிறது, பூஞ்சையும் தனக்குத் தரப்பட்ட வழியில் உண்கிறது. ஒவ்வொரு படைப்புக்கும் கடவுள் முன் அதற்கே உரிய மதிப்பு உண்டு என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் எழுதினார். அதில் பூஞ்சையும் அடங்கும் என்று ஏற்பதற்கு எனக்கே கொஞ்சம் நேரம் பிடித்தது.

பயிர் கெட்ட வீட்டில் செய்வினை, சாபம், பரிகாரம் என்று பேச வருபவர்கள் நம்மிடையே உண்டு. செபக்கூட்டம் என்ற பெயரிலும் வருகிறார்கள். அவர்கள் வந்து போனபின் கடன் கூடுகிறது, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் முதலில் செய்ய வேண்டியது, நோய் கண்ட இலையைப் பறித்து ஒரு காகிதத்தில் மடித்து வேளாண் அலுவலகத்துக்குக் கொண்டு போவது. அது நெல்லாக இருந்தாலும் நிலக்கடலையாக இருந்தாலும் சரி. பூஞ்சை என்றால் அதற்கு ஒரு பெயர் இருக்கும், பெயர் தெரிந்தால் அடுத்த பட்டத்துக்கு எந்த விதை, எந்த மருந்து, எவ்வளவு இடைவெளி என்று சொல்ல முடியும். பயிர்க் காப்பீடு இருந்தால் அதற்கும் விவரம் தேவைப்படும். செபம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். அந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டே செபிக்கலாம்.

உரோமையர் துருவுக்கு ஒரு தெய்வத்தையே வைத்திருந்தனர், பெயர் ரோபிகுஸ். ஏப்ரல் 25ஆம் நாள் நகருக்கு வெளியே போய், பயிரைத் தொடாதே என்று கெஞ்சி அதற்கு நாயைப் பலியிட்டனர். கவிஞர் ஓவிட் இதை விவரித்துள்ளார். கதிர் முற்றும் பருவத்தில் வரும் அச்சம் அது. பின்னாளில் அதே ஏப்ரல் 25இல் உரோமைத் திருச்சபை பெரிய மன்றாட்டுப் பவனியை நடத்தியது. புனித பெரிய கிரகோரியார் காலத்திலேயே, 6ஆம் நூற்றாண்டின் இறுதியில், இப்பவனி இருந்தது. நற்செய்தியாளர் மாற்குவின் விழாவும் அந்த நாளில்தான் வருகிறது என்றாலும் பவனிக்கும் விழாவுக்கும் தொடர்பில்லை. பலியிட நாய் இல்லை, குற்றவாளியைத் தேடும் விசாரணை இல்லை. புனிதர்களின் மன்றாட்டு மாலையைப் பாடிக்கொண்டு ஊரே சேர்ந்து நடந்தது.

1969ஆம் ஆண்டு நாள்காட்டிச் சீரமைப்பில் இப்பவனி அனைத்துலக நாள்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் வேண்டுதல் நாள்களை வழக்கிலிருந்து நீக்கிவிடவில்லை. எந்த நாளில், எப்படி நடத்துவது என்பதை அந்தந்த நாட்டு ஆயர் பேரவைகள் தங்கள் பயிர்க்காலத்துக்கு ஏற்ப முடிவு செய்துகொள்ள விடப்பட்டுள்ளது. ஏப்ரல் மாதம் உரோமைக்குப் பொருந்தும். நம் காவிரிக் கரைக்கும் வைகைக் கரைக்கும் கதிர் வாங்கும் மாதம் வேறு.